நாலாம் தட்டுப் பலகை

கண்ணைக் கட்டி ஒன்றரை மணி நேரம் ஆகியும் ஒன்றும் வரவில்லை.

சாரக்காரன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தான். கறுப்புத் துணிக்குள் இருட்டு இருட்டாகவே இருந்தது. காதில் மாட்டிவிட்டிருந்த கருவிக்குள் யாரோ ஒருவர், சாப்பிட்டு முடித்து வேறு வேலை இல்லாதவர் மாதிரி, பியானோவை ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக்கொண்டிருந்தார். முதுகு அரித்தது. சொறியலாமா கூடாதா என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், டாக்டரும் சிஸ்டரும் எதிரே உட்கார்ந்து பாடம் எடுத்தார்கள். ஒரு வகைக் காளானில் இருக்கிற மருந்துச் சத்து. இப்போது காளானே வேண்டாம், லேப்பிலேயே செய்துவிடுகிறார்கள். பெயர் சிலோசைபின். விழுங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். கண்ணுக்குள் நிறம் வரும், சுவர் மூச்சு விடும், செத்துப்போனவர்கள் வரலாம், பயமும் வரலாம். வந்தால் ஓடக்கூடாது, எதிரே போய் நிற்க வேண்டும். கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் சிஸ்டர் பிடித்துக்கொள்வார். அதற்கும் முன்கூட்டியே ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். கையைப் பிடிக்கக் கையெழுத்து வாங்குகிற இடத்தை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

இன்னொன்றும் சொன்னார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. ஆறாம் வாரம், அதை எழுதி ஒட்டிவைத்த உறையைப் பிரித்தால்தான் தெரியும். அவன் தலையாட்டினான். அது வேறு யாருக்கோ சொன்ன மாதிரி இருந்தது.

மூளையைப் படம் பிடித்துத் திரையில் காட்டினார் டாக்டர்.

"இது மனச்சோர்வு இருக்குற ஒருத்தரோட மூளை. பாருங்க, ஒரே பாதையிலயே சுத்திக்கிட்டு இருக்கு. இந்த மருந்து கொஞ்ச நேரத்துக்கு மத்த பாதையெல்லாம் திறந்து விடுதுன்னு நினைக்கிறோம். அதுக்கப்புறம் பழைய தடத்துலயே போகணும்னு கட்டாயம் இல்லாமப் போகுது."

"சாரத்துல தட்டுக்கு ஒரே ஒரு பலகை போட்டு வச்ச மாதிரிங்களா சார்? வேற வழியே இல்லாம எல்லாரும் அதுமேலயே போயிக்கிட்டு?"

டாக்டருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நோட்டில் குறித்துக்கொண்டார். அவர் எழுதுவதைப் பார்த்ததும் இவனுக்கு ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது. போயும் போயும் பலகையா வாயில் வர வேண்டும்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் சாரம் கட்டுகிறவர்கள். கட்டடம் எழும்ப எழும்ப அதைச் சுற்றி இரும்புக் குழாயை நிறுத்தி, கிளாம்பு போட்டு முறுக்கி, தட்டுத் தட்டாகப் பலகை பரப்பிக்கொண்டே மேலே போவார்கள். பூசுகிறவனும் பெயின்ட் அடிக்கிறவனும் அதன் மேல் நின்றுதான் பிழைப்பு நடத்த வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை வேளையில் அண்ணன் நாலாம் தட்டிலிருந்து விழுந்து செத்தார். அதன் பிறகு இவன் ஏறவில்லை. கீழே நின்று குழாய் எடுத்துக் கொடுத்தான். பிறகு அதுவும் இல்லை. காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொள்வான். பொத்தானை மாட்டுவதற்குள் பொழுது பாதி போய்விடும். பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசுவது போலக் கேட்கும். மூன்று வகை மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வாய் உலர்ந்ததுதான் மிச்சம்.

மனைவி ஆஸ்பத்திரிக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிற இடத்தில் இஸ்திரி போடுகிறாள். சுவரில் ஒட்டியிருந்த ஆய்வு நோட்டீஸைப் பார்த்து, ஆள் மேல் ஆளாக விசாரித்து, இவனை இழுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். ஆய்வில் சேர வேண்டுமானால் பழைய மாத்திரையை விட வேண்டும் என்றார்கள். விட்ட மூன்று வாரமும் இவன் நடுங்கினான், எரிந்து விழுந்தான், தட்டைத் தூக்கி எறிந்தான். பொறுக்கி எடுத்தவளும் அவள்தான்.

இவ்வளவும் செய்து இங்கே வந்து படுத்தால், முதுகு அரிக்கிறது.

மூன்றாவது மணி நேரம் ஆயிற்று. சிஸ்டர் எழுந்து போகவில்லை. நாற்காலி கூடக் கிறீச்சிடவில்லை. டாக்டர் இரண்டு தடவை மெதுவாக வெளியே போய் வந்தார். சிஸ்டர் அதுவும் இல்லை. தன் ஆயுளில் ஒருவரும் தன் பக்கத்தில் இத்தனை நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததில்லை என்று சாரக்காரன் நினைத்தான். வீடு தேடி வந்தவர்களை ஒரு வாய் டீ கூடக் கொடுக்காமல் அனுப்பப் போகிறோமே என்பது போலக் கூச்சம் பிடுங்கித் தின்றது.

"எப்படி இருக்கீங்கண்ணா?" அவ்வளவுதான் கேட்டார் சிஸ்டர்.

"தெரியுது சிஸ்டர்" என்றான்.

சொன்ன பிறகுதான் என்ன தெரிகிறது என்று தேட வேண்டியிருந்தது.

"என்ன தெரியுதுன்னு சொல்லணும்னு அவசியம் இல்லண்ணா. உங்களுக்குத் தோணினா சொல்லுங்க."

"அண்ணன்."

பேனா தாளில் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நாலாம் தட்டுல நிக்கிறாரு. நல்ல வெயில். டேய்னு கூப்பிடுறாரு. தோள்ல குழாய் இருக்கு. நடந்து வர்றாரு. பலகை இருக்கு சிஸ்டர். பலகை மேலதான் வர்றாரு. ஒவ்வொரு தட்டா இறங்குறாரு. கீழ வந்து கையத் தட்டி மண்ண உதறிட்டு, வாடா டீ குடிக்கலாம்ங்குறாரு."

சிஸ்டரின் கை வந்து அவன் கையைப் பிடித்தது. விரல் ஈரமாக இருந்தது. அவர் கண்ணைத் துடைத்திருக்க வேண்டும். அவனும் அழுதான். அந்த அழுகை ஒன்றுதான் நிஜம்.

பலகை அங்கே இல்லை. அதை எடுத்தவன் இவன்.

அன்றைக்குப் பின்பக்கம் பூசிக்கொண்டிருந்தவன் ஒரு பலகை குறைகிறது என்று கத்தினான். கீழே போய் அடுக்கிலிருந்து எடுத்து வர இவனுக்குச் சோம்பல். அண்ணன் கீழேதான் இருக்கிறார், அஞ்சு நிமிஷத்தில் திரும்பப் போட்டுவிடலாம் என்று நாலாம் தட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தான். எங்கிருந்து என்று பூசுகிறவன் கேட்கவில்லை. அண்ணன் சொன்ன நேரத்துக்கு முன்னால் ஏறி வந்தார். தோளில் குழாய் இருந்தால் கால் வைக்கிற இடம் தெரியாது. தான் போட்ட பலகைதானே என்று நடந்தார்.

அது கூடத் தப்பு என்று விட்டுவிடலாம். அடுத்துச் செய்ததை என்னவென்று சொல்வது? ஆட்கள் எல்லாம் கீழே ஓடிக்கொண்டிருந்தபோது இவன் பின்பக்கம் ஓடி, அந்தப் பலகையைப் பிடுங்கி வந்து, இருந்த இடத்தில் போட்டான். போட்ட பிறகுதான் கீழே இறங்கினான். விசாரிக்க வந்தவர்கள் மேலே ஏறிப் பார்த்தார்கள். எல்லாப் பலகையும் ஒழுங்காக இருந்தது. இறந்தவரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். குடித்திருப்பான் என்று சைட்டில் பேசிக்கொண்டார்கள். அண்ணி இன்றைக்கும் படத்தைப் பார்த்து, "அப்படி என்ன தலை போற அவசரம் உனக்கு?" என்று திட்டுகிறாள்.

*

சாயங்காலம் மனைவி வந்து அழைத்துப் போனாள். பஸ்ஸில் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"அண்ணன் வந்தாரு."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவனுக்குத் திருட்டுப் பொருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

இரண்டு நாள் கழித்துச் சைட்டுப் பக்கம் போனான். மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"வாய்யா, காளான் தின்னவரே! பறக்குற மருந்தாமே? இனிமே நமக்குச் சாரமே வேணாம். உன்னை ஒரு முழுங்கு முழுங்கச் சொல்லி, அப்படியே கலவைச் சட்டியோட மொட்டை மாடிக்கு அனுப்பிடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். இவனும் சிரித்தான். சிரிப்பது சுலபமாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்குக் கெட்ட பழக்கம்.

அடுத்து வந்தது போன். ஆய்வில் ஒரு பெண் எங்கிருந்தோ போன் செய்து கேள்வி கேட்பாள். அவள் யாரென்று இவனுக்குத் தெரியாது, இவன் விழுங்கியது என்னவென்று அவளுக்குத் தெரியக் கூடாது. பத்துக் கேள்வி. பதிலைக் கேட்டு அவளே ஒவ்வொன்றுக்கும் சைபர் முதல் ஆறு வரை எண் போடுவாள். கூட்டினால் எவ்வளவு அதிகமோ அவ்வளவு மோசம். மருந்துக்கு முன் முதன்முதலில் கேட்டபோது இவனுக்கு முப்பத்துநாலு வந்தது.

"வணக்கம் சார், எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேங்க. நீங்க எப்படி இருக்கீங்க?"

வீட்டுக்குக் கொண்டுவந்த ஆஸ்பத்திரித் துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"போன ஒரு வாரத்துல மனசு எப்படி இருந்துச்சு சார்?"

"பரவாயில்லைங்க."

"தூக்கம்?"

"வருதுங்க."

"சாப்பாடு?"

"அதுக்கென்னங்க குறை."

"உங்க மேல தப்பே இல்லாத விஷயத்துக்குக்கூட உங்களையே குறை சொல்லிக்கிற மாதிரி எண்ணம் வருதா?"

சட்டைப் பொத்தானை ஒருமுறை திருகினான். "இல்லைங்க."

போனை வைத்தான். மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சாதாரணமாக அவள் இவனை 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். கோபம் வந்தால் முதலில் பறப்பது அந்த 'ங்க'தான்.

"யாரைக் கேட்டு நல்லா இருக்கேன்னு சொன்ன? நேத்து நீ எத்தனை வாய் சாப்பிட்ட? நான் எண்ணலைன்னு நினைச்சியா? விடியற வரைக்கும் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க. அதுக்குப் பேரு தூக்கமா?"

"மூஞ்சி தெரியாத பொண்ணு. அதுகிட்டப் போய் என்னத்தைப் புலம்புறது?"

"கேக்குறதுதானேய்யா அவ வேலை!"

"ஆறு மணி நேரம் உக்காந்திருந்தாங்கடி அந்த சிஸ்டர். ஒண்ணுக்குக்கூட எந்திரிக்கல. ஒண்ணும் நடக்கலைன்னு எந்த வாயால சொல்றது?"

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். "ஒண்ணும் நடக்கலையா?"

"நடந்துச்சு, நடந்துச்சு" என்று எழுந்து போய்விட்டான்.

மூன்றாம் வாரமும் அப்படியே. ஆறாம் வாரமும் அப்படியே. 'பரவாயில்லை' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முப்பத்துநாலை ஏழுக்கு இறக்கிவிட்டான்.

*

ஆறாம் வாரம் முடிந்து உறை பிரித்த அன்று மனைவியும் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். அந்த அறைதான். கட்டிலை ஓரமாகத் தள்ளி மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். சிஸ்டர் சுவரோரம் நின்றார். இவனைப் பார்த்ததும் சொந்த அண்ணனைப் பார்த்த மாதிரி முகம் மலர்ந்தார்.

டாக்டர் திரையில் இரண்டு படம் போட்டார். மருந்துக்கு முன், மருந்துக்குப் பின். இரண்டும் அவன் மண்டைதான்.

"ஸ்கேன்ல மாற்றமே இல்ல. ஆனா உங்க மதிப்பெண் முப்பத்துநாலுலேர்ந்து ஏழுக்கு வந்திருக்கு. எங்களுக்கே ஆச்சரியமா இருந்துச்சு. இன்னிக்கு உறையைப் பிரிச்சோம். உங்களுக்குக் கொடுத்தது வெறும் மாவு மாத்திரை."

மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"அப்ப நிஜ மருந்தை எப்ப குடுப்பீங்க சார்?" மனைவி கேட்டாள்.

"வெறும் மாத்திரை சாப்பிட்டவங்கள்ல, மதிப்பெண் பதினெட்டுக்கு மேல இருக்குறவங்களுக்கு ரெண்டாவது கட்டத்துல நிஜ மருந்து கொடுக்குறோம். சார் ஏழுல இருக்காரு. குணமானவங்க வரிசை. அவருக்குத் தேவைப்படலம்மா. சந்தோஷமான விஷயம்தானே?"

மனைவி புருஷன் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வைக்கு அவள் நாலு அறை விட்டிருக்கலாம்.

"சார்" என்றான் சாரக்காரன். "நான் சும்மா சொன்னேன் சார். எனக்கு ஒண்ணும் சரியாகல. போன்ல கேட்டப்ப மரியாதைக்குச் சொன்னது."

"மரியாதைக்கா?"

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டா நல்லா இருக்கேன்னுதானே சார் சொல்லணும்?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கெட்ட மனுஷன் இல்லை. இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும் மரியாதையா?"

"ஆமா சார்."

"அந்தப் பதிலை இப்ப மாத்த முடியாது. உறையைப் பிரிச்சப்புறம் சொல்ற எதையும் நாங்க கணக்குல எடுக்கக் கூடாது. எடுத்தா, வெறும் மாத்திரை வந்த ஒவ்வொருத்தரும் எனக்கும் குணமாகலைன்னு வந்து நிப்பாங்க. அப்புறம் இந்த ஆய்வை ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. வெளியிலயும் இந்த மருந்தைக் கொடுக்க இன்னும் அனுமதி இல்ல. பழைய மாத்திரையைத் திரும்ப எழுதித் தர்றேன். அதுதான் என்னால முடியும்."

அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. சாரம் கட்டும்போதும் அப்படித்தான். முறுக்கி முடித்த கிளாம்பை யாரோ சொன்னார் என்று தளர்த்தக் கூடாது.

"மண்டை நெசத்தைச் சொல்லிருக்கே சார்!" மனைவி திரையைக் காட்டிக் கத்தினாள். "படத்துல ஒண்ணும் மாறலைன்னு நீங்களே சொல்றீங்க. இந்த ஆளு வாயை நம்புறீங்க, மண்டையை நம்ப மாட்டீங்களா?"

"மதிப்பெண்தாம்மா கணக்கு" என்றார் டாக்டர். அவருக்கே அது நன்றாக இல்லை என்பது தெரிந்தது.

சுவரோரம் இருந்து சிஸ்டர் கேட்டார், மெதுவாக: "அப்ப... உங்கண்ணன் இறங்கி வந்தது?"

"அதுவும் கதைதான் சிஸ்டர். நீங்க ரொம்ப நேரமா உக்காந்திருந்தீங்க."

சிஸ்டர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கட்டிலின் மேல் கிடந்த கறுப்புக் கண்கட்டை எடுத்து, வேண்டாத நேரத்தில், நான்காக மடித்தார். அவன் சொன்ன அந்தக் கதையை அவர் வேறு எத்தனை பேரிடம் சொன்னாரோ. படுத்துப் பயந்துகொண்டிருந்த எத்தனை பேருக்குத் தைரியம் சொல்ல எடுத்துக்கொண்டாரோ. கை பிடித்தவருக்கு அவன் கொடுத்தது அவ்வளவுதான்.

பஸ்ஸில் மனைவி வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

*

பழைய மாத்திரை திரும்ப வந்தது. வாய் திரும்ப உலர்ந்தது. பன்னிரண்டாம் வாரம் ஒரு பகலில் போன் அடித்தது. அதே குரல். உறை பிரித்தது அந்தப் பெண்ணுக்கு இன்னும் தெரியாது. தெரியாமல் வைத்திருப்பதுதான் முறை.

"வணக்கம் சார், எப்படி இருக்கீங்க?"

மனைவி இஸ்திரியை நிறுத்தவில்லை. அவள் இந்த போனிடம் எதையும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாள். சாரக்காரனுக்கும் இனி இழக்க ஒன்றும் இல்லை. மருந்து போய்விட்டது, சிஸ்டர் முகமும் போய்விட்டது.

"நல்லா இல்லைங்க" என்றான்.

"சொல்லுங்க சார்."

சொன்னான். தூக்கம் இல்லை என்றான். சோறு மண் மாதிரி இருக்கிறது என்றான். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்டாள். சாகத் தெம்பில்லை, பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும், அவ்வளவுதான் என்றான். இதை இன்றைக்கே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும் என்றாள் அவள். சொல்லுங்கள் என்றான். கம்ப்யூட்டர் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"உங்க மேல தப்பே இல்லாத விஷயத்துக்குக்கூட உங்களையே குறை சொல்லிக்கிற மாதிரி எண்ணம் வருதா சார்?"

"தப்பு இருக்குற விஷயத்துக்குங்க?"

"சார்?"

"பலகையை எடுத்தவன் நான்ங்க. எங்கண்ணன் விழுந்தாரு. எல்லாரும் கீழ ஓடினப்ப நான் அந்தப் பலகையைத் திரும்பக் கொண்டுவந்து போட்டேன். அவர் கவனமில்லாதவருன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அதுக்கு எத்தனைங்க போடுவீங்க?"

தட்டுகிற சத்தம் நின்றது.

"அப்படி ஒரு கேள்வி இதுல இல்லைங்க சார்" என்றாள். பிறகு அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததைச் சொன்னாள்: "நன்றி சார். அடுத்த கேள்விக்குப் போகலாமா?"

துணி கருகுகிற வாடை அடித்தது. மனைவி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். தலையணை உறையில் முக்கோணமாகப் பழுப்புக் கறை. அவள் அதைப் பார்க்கவில்லை. சுவரில் செருகியிருந்த ஒயரைப் பிடுங்கினாள்.

அவன் போனைக் காதிலிருந்து எடுத்தான். அதற்குள்ளிருந்து, "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருஷம் உங்க பக்கத்துலயே படுத்தேன்" என்றாள் மனைவி. சத்தம் போடவில்லை. "என்ன பண்ணுது, என்ன பண்ணுதுன்னு கேக்காத நாளில்ல. மூஞ்சி தெரியாத பொண்ணுகிட்டச் சொல்றீங்க."

அவள் 'ங்க' போட்டுப் பேசினாள். கோபத்தையும் தாண்டிவிட்டாள் என்று அவனுக்கு அதில்தான் தெரிந்தது.

"அக்கா இந்நேரம் வீட்டுலதான் இருப்பாங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அக்கா என்றால் அண்ணி. தினமும் படத்தைத் திட்டுகிறவள்.

"இன்னிக்கேவா?" என்றான்.

அவள் போய்க் கதவைத் திறந்துவிட்டு வந்தாள். அவன் எழுந்து நின்று, போட்டிருந்த சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். எல்லாம் மாட்டித்தான் இருந்தன. செருப்பைத் தேடினான். அவள் அதை முன்னாலேயே வாசலில் எடுத்துப் போட்டிருந்தாள், இரண்டும் தெருவைப் பார்த்து.